எப்போது சூடேறுகிறது? பழைய வண்டியின் ஓவர்ஹீட்டைக் கண்டுபிடிக்கும் வழி

ஒரு பழைய மாருதி 800 சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, கிளம்பினால் இறங்கிவிடுகிறது. இன்னொரு 800 ஊருக்குள் சமர்த்தாக ஓடுகிறது, பைபாஸில் 80-ஐத் தொட்டுக் கால் மணி நேரம் ஓட்டினால் முள் சிவப்புக் கோட்டுக்குப் போகிறது. இரண்டையுமே "வண்டி ஹீட் ஆகுது" என்றுதான் சொல்கிறோம். ஆனால் முதல் வண்டியின் ரேடியேட்டரைக் கழற்றிக் கடைக்கு அனுப்பினால் காசுக்குக் கேடு. இரண்டாவதற்குப் புது ஃபேன் மோட்டார் போட்டாலும் அதே கதைதான். எப்போது சூடேறுகிறது என்பது தெளிவாகிவிட்டால், எங்கே கை வைப்பது என்பதில் பாதி முடிந்த மாதிரி.

இதைப் படிக்க மெக்கானிக் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. மாருதி 800, ஆம்னி, அம்பாசடர் போன்ற பழைய பெட்ரோல் வண்டிகளை மனதில் வைத்துச் சொல்கிறோம். தண்ணீரால் குளிரும் எந்த இன்ஜினுக்கும் அடிப்படை இதுவே.

தண்ணீர் சுற்றும் பாதை

எரியும் பெட்ரோலின் சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. ஒரு பங்கு சைலன்சர் வழியே புகையோடு போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியை இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் சுமந்து வெளியேற்ற வேண்டும்.

வாட்டர் பம்ப் தண்ணீரைத் தள்ளுகிறது. சிலிண்டர்களைச் சுற்றி, மேலே ஹெட்டுக்குள் (சிலிண்டர்களை மூடும் மேல்பகுதி) போய் அது சூடாகிறது. வெளியேறும் வாயிலில் தெர்மோஸ்டாட் என்ற வால்வு இருக்கிறது. தண்ணீர் 82 அல்லது 88 டிகிரியை எட்டும்வரை அது கதவை அடைத்து வைத்திருக்கும், இன்ஜின் சீக்கிரம் சூடேற வேண்டும் என்பதற்காக. திறந்ததும் தண்ணீர் மேல் ஹோஸ் வழியே ரேடியேட்டருக்குப் போய், மெல்லிய குழாய்களில் இறங்கி, காற்று பட்டு ஆறி, கீழ் ஹோஸ் வழியே பம்புக்குத் திரும்புகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே போதும். நிற்கும்போது ஃபேன் காற்றை இழுக்க வேண்டும்.

800-இல் ஃபேன் கரண்டில் ஓடுகிறது. அம்பாசடரில் அது வாட்டர் பம்ப் புல்லியிலேயே மாட்டியிருக்கும், பெல்ட் சுற்றினால் ஃபேனும் சுற்றும். அந்தக் காலத்துப் பேச்சு அப்படியே ஒட்டிக்கொண்டதால், ஃபேனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத 800-இன் பெல்ட்டையும் பட்டறையில் இன்றும் "ஃபேன் பெல்ட்" என்றே கேட்பார்கள்.

முள் சிவப்பில் இருந்தால்

முதலில் ஏ.சி.யை அணையுங்கள். வண்டியில் ஹீட்டர் இருந்தால் அதை முழுச் சூட்டில், முழு வேகத்தில் போடுங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் ஹீட்டர் ஒரு குட்டி ரேடியேட்டர் மாதிரி இன்ஜின் சூட்டை இழுத்து வெளியே தள்ளும். ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். உள்ளே தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் இருந்தும் அழுத்தத்தால் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் போய், ஒரே நொடியில் கொதித்துப் பொங்கி ஆவியோடு முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் இன்னும் நேரமாகவில்லை. தளர்ந்த பிறகு, மடித்த ஈரத்துணியைப் போட்டு, முதல் பிடிப்பு வரை மட்டும் திருகி, சீறல் நின்றபின் முழுதாக எடுங்கள்.

கொதித்துக்கொண்டிருக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை மடமடவென்று ஊற்றினால் ஹெட் வெடிப்பு விடலாம். முழுதாக ஆறும்வரை காத்திருக்கவே முடியாத இடமென்றால், மேல் ஹோஸ் தளர்ந்து மூடியைப் பத்திரமாகத் திறந்தபின் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டுச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள்.

முள் பொய் சொல்கிறதா?

எதையும் கழற்றும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். விடிகாலையில், இன்ஜின் சில்லென்று இருக்கும்போது சாவியைத் திருப்பியதுமே முள் நேராகச் சிவப்புக்குப் போனால், அது சூடு இல்லை. சென்சாரிலிருந்து மீட்டருக்குப் போகும் கம்பி எங்கோ தோல் உரிந்து பாடியில் ஷார்ட் ஆகிறது, அல்லது சென்சாரே போயிருக்கிறது. அந்தக் கம்பியைச் சென்சாரில் கழற்றியதும் முள் கீழே விழுந்தால் சென்சார்தான் கெட்டது. விழவில்லை என்றால் கம்பியைத் தேடுங்கள்.

மறுபக்கமும் உண்டு, அதுதான் ஆபத்து. சென்சார் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் வடிந்துபோய் அது வெறும் ஆவியில் நின்றால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் நடுவில் நிற்கும், சில சமயம் இறங்கக்கூடச் செய்யும். ஏறிக்கொண்டிருந்த முள் காரணமில்லாமல் சட்டென்று விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். நிறுத்தித் தண்ணீரைப் பாருங்கள்.

துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கையில் இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் பளபளக்கும் அலுமினியத்தில் நீட்டினால் அது குறைத்துக் காட்டும். தெர்மோஸ்டாட் மூடியின் மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதைக் குறிவையுங்கள். நன்றாக ஓடும் இன்ஜினில் 85 முதல் 100 வரை காட்டும்.

வண்டி தண்ணீர் குடிக்கிறதா?

சூடேறும் பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் இங்கேயே விடை கிடைத்துவிடும் என்பது எங்கள் கணிப்பு. காலையில், ஆறிய இன்ஜினில், ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பக்கத்தில் குழாயால் இணைந்திருக்கும் ரிசர்வ் டேங்கை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ரேடியேட்டரில் தண்ணீர் கழுத்துவரை நிற்க வேண்டும்.

குறைந்திருந்தால் எங்கோ போகிறது. ஹோஸ் கிளாம்ப் ஓரங்கள், ரேடியேட்டர் தொட்டியின் விளிம்பு, தெர்மோஸ்டாட் மூடி, பிளாக்கின் (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடல்) பக்கவாட்டில் வட்டத் தட்டுகளாக இருக்கும் பிளக்குகள் ஆகிய இடங்களில் காய்ந்த வெள்ளைத் திட்டோ பச்சைத் திட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். சூடான இன்ஜினில் கசிவது உடனே ஆவியாகிவிடும், திட்டுதான் சாட்சி. வாட்டர் பம்ப்பின் கழுத்தில் அடிப்பக்கமாக ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பம்ப்பின் சீல் போனால் தண்ணீர் அந்த வழியே சொட்டும்படி வேண்டுமென்றே வைத்தது அது. எம்சீல் வைத்து அதை அடைப்பவர்கள் உண்டு. அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய், பம்ப்பே இறுகிவிடும். முன் இருக்கைப் பக்கம் கால்மிதியடி ஈரமாக, லேசான இனிப்பு வாடையோடு இருந்தால் ஹீட்டர் கசிகிறது.

எல்.பி.ஜி. மாற்றிய ஆம்னி, அம்பாசடர்களில் இன்னொரு இடமும் பார்க்க வேண்டும். கேஸை ஆவியாக்கும் வேப்பரைசருக்கு இன்ஜின் தண்ணீரைத்தான் கிளை பிரித்துக் கொண்டுபோயிருப்பார்கள். அந்தச் சின்ன ஹோஸ்களின் இணைப்புகளில் கசிவு சகஜம். இன்ஜின் சூடான பிறகும் வேப்பரைசரின் மேல் பனி படிந்திருந்தால், சூடான தண்ணீர் அங்கே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். தண்ணீர் குறைந்திருக்கும், அல்லது ஏர்லாக் ஆகியிருக்கும், அதாவது காற்று சிக்கி வழியை அடைத்திருக்கும்.

வெளியே எங்குமே கசிவு தெரியாமல் தண்ணீர் குறைந்தால் இரண்டு சந்தேகம்: மூடி, அல்லது ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு). முதலில் மூடியைப் பார்ப்போம், அது மலிவு.

மூடி என்ற சின்ன விஷயம்

ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று நினைத்து, கிடைத்ததைப் போட்டு ஓட்டுகிறார்கள். அது ஸ்பிரிங் வைத்த வால்வு. மாருதி 800 போன்ற சிறு கார்களின் மூடியில் 0.9 என்று பொறித்திருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ அழுத்தம் வரும்வரை அது திறக்காது. இந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே சுமார் 118 டிகிரிவரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்தோ ரப்பர் வெடித்தோ மூடி அழுத்தத்தைப் பிடிக்கவில்லை என்றால், அதே தண்ணீர் 100-இலேயே கொதித்து வழியும்.

மலையேறும்போது இது இன்னும் மோசமாகும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் ஓசையில்லாமல் ஓடிய வண்டி, கெட்டுப்போன மூடியோடு மலையேறினால் ஏன் பொங்குகிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

மூடியின் நடுவில் ஒரு குட்டி வால்வும் இருக்கும். இன்ஜின் ஆறும்போது தண்ணீர் சுருங்கும், அந்த இடத்தை நிரப்ப ரிசர்வ் டேங்கிலிருந்து தண்ணீரைத் திரும்ப உள்ளே விடுவது அதன் வேலை. அது ஒட்டிக்கொண்டால் காலையில் மேல் ஹோஸ் உறிஞ்சப்பட்டுச் சப்பிப்போய் இருக்கும், ரிசர்வ் டேங்க் நிரம்பி வழியும், ரேடியேட்டரில் மட்டும் தண்ணீர் இருக்காது. மூடிக்கும் டேங்குக்கும் நடுவில் உள்ள சின்னக் குழாயில் வெடிப்பு இருந்தாலும் ரேடியேட்டரில் தண்ணீர் குறையும், தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சிக்கொள்வதால் ஹோஸ் மட்டும் சப்பாது. புது மூடியை அதே எண்ணில் வாங்குங்கள். "அதிக எண் போட்டா நல்லது" என்று 1.3 போட்டால் பழைய ஹோஸும் ரேடியேட்டரின் பற்றவைப்பும் முதலில் விட்டுக்கொடுக்கும்.

இனி, எப்போது?

தண்ணீரும் மூடியும் சரி என்றான பிறகுதான் எப்போது சூடேறுகிறது என்ற கேள்விக்கு மதிப்பு.

நிற்கும்போது மட்டும் ஏறி, ஓடும்போது இறங்கினால் காற்றில்தான் கோளாறு. இன்ஜினை ஐடிலில் விட்டு முள் பாதியைத் தாண்டும்வரை பாருங்கள். ஃபேன் சுற்றவே இல்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு கார்புரேட்டர் வண்டி என்றால் ஃபேனின் தெர்மோ ஸ்விட்ச்சில் (சூடேறினால் ஃபேனை ஓடவைக்கும் ஸ்விட்ச்) இருக்கும் கனெக்டரைக் கழற்றுங்கள். இரண்டு கம்பி இருந்தால் இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுங்கள், ஒற்றைக் கம்பி என்றால் அதை இன்ஜினில் எர்த் கொடுங்கள். சாவி ஆனில் இருக்க, ஃபேன் சுற்றினால் மோட்டாரும் ஒயரிங்கும் நல்லவை, ஸ்விட்ச்தான் போய்விட்டது. சுற்றவில்லை என்றால் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாகக் கரண்ட் கொடுத்துப் பாருங்கள். எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் சொல்லி இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) ஃபேனை ரிலே வழியாகக் கம்ப்யூட்டர் இயக்கும். அங்கே சென்சார் கம்பிகளை ஒட்டவைத்துப் பார்க்காதீர்கள், ரிலேயிலிருந்து தொடங்குங்கள். கை வைக்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: மின்சார ஃபேன் எந்த நேரமும் சொல்லாமல் சுற்றத் தொடங்கும்.

ஃபேன் சுற்றுகிறது, ஆனாலும் சூடேறுகிறது என்றால் அது இழுக்கும் காற்றைச் சோதியுங்கள். ஒரு தாள் செய்தித்தாளை ரேடியேட்டரின் முன்பக்கம் பிடியுங்கள். காற்று இழுத்து அதை ஒட்டவைத்துக்கொள்ள வேண்டும். நழுவி விழுந்தால் மோட்டாரின் கார்பன் தேய்ந்து வேகம் குறைந்திருக்கலாம். தாள் எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டால், மோட்டார் மாற்றியவர் இரண்டு கம்பிகளை மாற்றிக் கொடுத்து ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. இப்படி ஓடும் வண்டிகள் நாம் நினைப்பதைவிட அதிகம். ஃபேனைச் சுற்றியுள்ள தகட்டுக் கூண்டு கழன்றுபோய் இல்லாமலிருந்தாலும் காற்று ரேடியேட்டர் வழியே வராமல் ஓரமாகவே சுழலும்.

ஸ்விட்ச் கெட்டதும் "ஃபேனை டைரக்ட் போட்டுடலாம்" என்பார்கள். வழியில் நின்றுபோனால் வீடு சேர அது சரி. நிரந்தரமாக அப்படி விட்டால் மோட்டார் சீக்கிரம் தேயும், நாளைக்கு வரப்போகும் வேறு கோளாறையும் மூடி மறைக்கும்.

வேகத்திலும் ஏற்றத்திலும் சூடேறினால் ஃபேனில் குறையில்லை. தண்ணீர் ஓட்டத்தில் குறை, அல்லது ரேடியேட்டர் சூட்டைக் கழிக்கவில்லை. முதலில் வாட்டர் பம்பைச் சுற்றும் பெல்ட்: இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்வரை அமுங்கலாம், அதற்கு மேல் தொங்கினால் வழுக்குகிறது. அடுத்து கீழ் ஹோஸ். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது, எனவே பழசாகி மெலிந்த ஹோஸ் அதிக வேகத்தில் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். ஐடிலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இன்னொருவரை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லி நீங்கள் ஹோஸைப் பாருங்கள். பல வண்டிகளில் இதைத் தடுக்கவே உள்ளே ஒரு ஸ்பிரிங் கம்பி இருக்கும், ஹோஸ் மாற்றும்போது அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

அதன் பிறகுதான் ரேடியேட்டர். வெளிப்பக்கம் பூச்சி, வைக்கோல் தூசு, சேறு அடைத்திருந்தால் உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடையும். ஏ.சி. வண்டியில் கண்டென்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏ.சி.யின் வலை) ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு குப்பைத்தொட்டியே இருக்கும், முன்னாலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது.

உள் அடைப்பைக் கழற்றாமலே கண்டுபிடிக்கலாம். வண்டியை நன்றாக ஓட்டி வந்து, இன்ஜினை அணைத்து, ஃபேன் நின்றதை உறுதி செய்துகொண்டு, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ரேடியேட்டர் முகம் முழுக்க நீட்டிப் பாருங்கள். தண்ணீர் உள்ளே வரும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம்வரை சூடு சீராகக் குறைந்துகொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் திடீரென்று சில்லென்று இருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் போகவில்லை. பித்தளை ரேடியேட்டர் என்றால் ரேடியேட்டர் கடையில் மேல் தொட்டியைப் பற்றவைப்பு விட்டு எடுத்து, குழாய்களில் தட்டையான கம்பி விட்டுச் சுத்தம் செய்வார்கள். அலுமினியக் குழாயும் பிளாஸ்டிக் தொட்டியும் உள்ளதில் இந்த வேலை சரிப்படாது. புதிதாக மாற்றுவதே நல்லது.

கிளம்பிய ஐந்து, பத்து நிமிடத்திலேயே, ஓடினாலும் நின்றாலும் சூடேறினால் தெர்மோஸ்டாட் மூடியபடியே ஒட்டிக்கொண்டிருக்கலாம். முள் பாதியைத் தாண்டியும் மேல் ஹோஸ் சில்லென்றே இருந்தால் அநேகமாக அதுதான். கழற்றி, ஒரு நூலில் கட்டி, பாத்திரத் தண்ணீரில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அடிப்பக்கம் எப்போதும் அதிகச் சூடாக இருக்கும், அதனால்தான் தொங்கவிடுவது. தெர்மோமீட்டரைப் பக்கத்திலேயே பிடியுங்கள். பொறித்த எண்ணுக்கு அருகே திறக்கத் தொடங்கி, அதற்கு மேல் 10, 13 டிகிரிக்குள் சுமார் 8 மில்லிமீட்டர் திறக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது அதிலுள்ள சின்ன ஆடும் ஊசி மேல்பக்கம் வரட்டும், சிக்கிய காற்று வெளியேற அதுதான் வழி.

பல பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டை எடுத்து எறிந்துவிட்டு "நம்ம ஊரு வெயிலுக்கு இது தேவையில்ல" என்பார்கள். இது தவறு. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது, ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் இன்ஜினுக்கே திரும்பும் குறுக்குவழியையும் சேர்த்து அடைக்கும். அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும், சூடு இன்னும் கூடும். மற்ற இன்ஜின்களில் வண்டி சூடேறவே நேரமாகும், பெட்ரோல் அதிகம் செலவாகும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். வெயில் எவ்வளவு அடித்தாலும் இன்ஜினுக்கு வேண்டியது 90 டிகிரியை ஒட்டிய சூடு. சென்னை மே மாதத்துக்கும் அதற்கும் நடுவே இன்னும் 50 டிகிரி இருக்கிறது.

ஹெட் கேஸ்கட்

எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான், அதனாலேயே இல்லாத வண்டிக்கும் இதைச் சொல்லி ஹெட்டைக் கழற்றிவிடுகிறார்கள். கழற்றும் முன் நிரூபிக்கச் சொல்லுங்கள். நிரூபிக்க வழிகள் உண்டு.

ஆறிய இன்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்து ஒரே நிமிடத்தில் மேல் ஹோஸை அமுக்குங்கள். தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லை, அதற்குள் ஹோஸ் இறுகிவிட்டது என்றால், எரியும் சிலிண்டரிலிருந்து புகை தண்ணீருக்குள் புகுகிறது. அடுத்து, ஆறிய இன்ஜினில் ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பி, மூடியில்லாமல் ஸ்டார்ட் செய்து பாருங்கள். முதலில் வரும் சில குமிழிகள் சிக்கிய காற்று. நிற்காமல் வந்து, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் அதிகமாகும் குமிழிதான் கேஸ்கட் போனதன் அடையாளம். ரேடியேட்டர் வாயில் வைத்து அங்குள்ள காற்றை உறிஞ்சிப் பார்க்கும் நீலத் திரவச் சோதனைக் குப்பியும் கிடைக்கிறது. எரிந்த புகையிலுள்ள கார்பன்டை ஆக்ஸைடு பட்டால் நீலம் மஞ்சளாகும். இந்தச் சோதனையில் தண்ணீரை உள்ளே இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். 800-இன் மூன்று பிளக்கில் இரண்டு பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் ஆவியில் கழுவின மாதிரி வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டரில் தண்ணீர் இறங்குகிறது. ஆயில் மூடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளைப் பசை இருப்பது குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் சகஜம், வெறும் ஈரம் அது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தால்தான் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்போது இன்ஜினை ஸ்டார்ட்டே செய்யாமல் வண்டியை இழுத்துக்கொண்டு போங்கள். தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்குகளைச் சில கிலோமீட்டரில் தின்றுவிடும்.

கேஸ்கட் ஏன் போகிறது? பல பழைய கார்களில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். வழக்கமான சூட்டில் கேஸ்கட் இதைத் தாங்கும். ஒருமுறை கடுமையாகச் சூடேறினால் போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்த ஹெட் விரிய இடமில்லாமல் வளையும், ஆறினாலும் நேராகாது. ஆகவே கேஸ்கட் மட்டும் மாற்றி மூடினால் மூன்று மாதத்தில் திரும்பி வரும். ஹெட்டின் முகத்தில் நேர்விளிம்புச் சட்டம் வைத்து, நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பார்க்க வேண்டும். 800 போன்ற சிறு இன்ஜினில் 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் லேத் பட்டறையில் ஃபேசிங் போட்டு முகத்தைச் சமமாக்க வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும். கை அளவு போதும் என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

எதுவும் கிடைக்காவிட்டால், தண்ணீரில் கோளாறே இல்லாமல் இருக்கலாம். இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) பின்தங்கியிருந்தால் பெட்ரோல் தாமதமாக எரிந்து, வெளியேறும் வழியிலும் எரிந்துகொண்டே போய் ஹெட்டைச் சுடும். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் குழாய் கிழிந்திருந்தால்கூடப் போதும். இன்டேக் பக்கம் காற்று கசிந்து பெட்ரோல் கலவை மெலிந்தாலும் இன்ஜின் சூடாகும். பிரேக் பிடித்தபடியே ஓடுகிறதா என்று நான்கு சக்கரங்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால், இன்ஜின் அந்தச் சக்கரத்தோடு மல்லுக்கு நின்றுகொண்டிருக்கிறது. கிளட்ச் வழுக்கினாலும் அப்படித்தான்.

எந்தத் தண்ணீர்?

வீட்டு வாட்டர் ஹீட்டர் கம்பியில் படியும் அதே வெள்ளை உப்புதான் போர்த் தண்ணீர் ஊற்றிய இன்ஜினுக்குள்ளும் படிகிறது. அது சூட்டைச் சரியாகக் கடத்தாது, மெல்லிய குழாய்களையும் அடைக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் மட்டும் ஊற்றுங்கள். கூலன்ட் கான்சன்ட்ரேட் என்றால் டப்பாவில் சொன்னபடி கலக்க வேண்டும், வழக்கமாகப் பாதிக்குப் பாதிவரை. கலந்தே வருவதில் மறுபடி தண்ணீர் சேர்க்காதீர்கள். "அதிகம் ஊற்றினால் அதிகக் குளிர்ச்சி" என்பது கிடையாது. சூட்டைச் சுமப்பதில் தண்ணீரே கெட்டிக்காரன், கூலன்ட் வருவது துரு பிடிக்காமலிருக்கவும் கொதிநிலை கொஞ்சம் கூடவும். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். வடித்ததைத் திறந்த தட்டில் வைத்தால் நாயோ குழந்தையோ வாய் வைத்துவிடும்.

கசிவை அடைக்க மஞ்சள் தூளைக் கொட்டுவது லாரி ஓட்டுநர்களிடம் பழைய வைத்தியம். நடுக்காட்டில் மாட்டிக்கொண்டால் வீடுவரை கொண்டுவந்து சேர்க்கும், அதை மறுக்க முடியாது. வந்ததும் மொத்தத் தண்ணீரையும் வடித்துக் கழுவாவிட்டால், ஓட்டையை அடைத்த அதே மஞ்சள் ரேடியேட்டர் குழாய்களையும் அடைக்கும்.

புதிதாக நிரப்பும்போது காற்று சிக்கினால் எல்லா வேலையும் வீண். முன்பக்கம் மேடாக இருக்கும்படி சரிவில் வண்டியை நிறுத்தி, ஹீட்டர் லீவரைச் சூட்டுப் பக்கம் வையுங்கள். மெதுவாக நிரப்பி, மூடி திறந்தபடி ஐடிலில் விடுங்கள். மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கி விட்டால் குமிழி வெளியேறும். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் திடீரென்று இறங்கும். மீண்டும் நிரப்பி மூடுங்கள். ரிசர்வ் டேங்கை இரண்டு கோடுகளுக்கு நடுவில் வையுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, மறுநாள் காலை ஆறிய பிறகு மூடியைத் திறந்து பாருங்கள். கழுத்துவரை நிற்காவிட்டால் குறைந்ததை ஊற்றி, அதற்கு அடுத்த நாளும் பாருங்கள். மூன்றாம் நாளும் இறங்கியிருந்தால் அது சிக்கிய காற்று இல்லை, எங்கோ கசிகிறது.